நீல டிரம்மில் ஒரு தீவுக் குரல்

டொக்.

தைலம்மாள் வீட்டின் பின்பக்கக் குளியலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது ஜெபீனா டீ தம்ளரை உதட்டருகே கொண்டுபோயிருந்தாள். தம்ளர் அப்படியே நின்றது.

டொக்... டொக்... டொக்...

யாரோ விரலை மடக்கி, மிகுந்த பொறுமையோடு ஒரு மரக்கதவைத் தட்டுவதைப் போல இருந்தது. ஜெபீனா செந்தமிழ்ச்செல்வியைப் பார்த்தாள். செந்தமிழ்ச்செல்வி கூரையைப் பார்த்தாள்.

“கொழா சொட்டுதும்மா. வாசர் போயிடுச்சி,” என்றாள் தைலம்மாள்.

சொல்லிவிட்டு முந்தானை நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். ஐம்பது வயதாகியும் ஒரு பொய்யை எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு.

ஜெபீனா தம்ளரைக் கீழே வைத்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள் அவள். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நவுஷாத் பாயின் மகள். ஐப்பசி மழையில் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் வரை வந்தது டீ குடிப்பதற்காக அல்ல. கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து ஒரு ஒலிப்பதிவைப் போட்டாள். அதே டொக், டொக், இப்போது போனிலிருந்து கிளம்பியது.

அவ்வளவுதான். குளியலறைக்குள் இருந்தது கொதித்துப் போய்விட்டது. டொக்டொக்டொக்டொக் என்று மூச்சு விடாமல் பதில் வந்தது.

“கொழாய்க்குக் காது கேக்குதுங்களாம்மா?” என்றாள் ஜெபீனா மெதுவாக.

செந்தமிழ்ச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். தைலம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

“நீதான? நீதான்டி போன்ல புடிச்சிக்கினு போயி குடுத்த? வாரா வாரம் உனக்கு டீ போட்டுக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்!”

“யக்கா, சத்தியமா கெட்ட எண்ணம் இல்லக்கா. வேடிக்கைக்குத்தான் எம்பொண்ணு தனுஷாவுக்கு அனுப்பனேன். அது இன்னாடான்னா காலேஜில மேடம்கிட்ட போட்டுக் காமிச்சிருக்குது. மேடம் மூணு நாளா சரியா தூங்கலியாம்.”

“அதுக்கு?”

“அதுக்கு இன்னா... கூட்டியாந்தேன்.”

செந்தமிழ்ச்செல்வி வீடு வீடாகப் போய்க் கொசு ஒழிப்பு வேலை பார்ப்பவள். கையில் டார்ச், தோளில் மருந்து பாட்டில். தேங்கிய தண்ணீர் எங்கே தென்பட்டாலும் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை. அப்படித்தான் மூன்று வருடத்துக்கு முன்பு தைலம்மாளின் குளியலறையில் இருந்த நீல டிரம்மில் கை வைத்தாள். தைலம்மாள் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்திய கத்தில் தெருவே கூடிவிட்டது. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், தண்ணீரில் ஒரு புழு இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் துணியில் வடிகட்டி வைத்திருந்தாள். உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, நெல்லிக்காய் அளவில், ஒரு தவளை. அன்றிலிருந்து இருவருக்கும் ஒரு ஒப்பந்தம். மருந்து ஊற்றுவதில்லை, வெளியே சொல்வதுமில்லை.

அந்த ஒப்பந்தத்தைத்தான் இன்றைக்கு உடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் மகராசி. நல்லவேளையாக அவளுடைய போன் அடித்தது. சூப்பர்வைசர். “இதோ வந்துக்கினே இருக்கேன் சார்,” என்று எழுந்தவள், “மேடம் நல்லவங்கக்கா, சண்ட போடாத,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கதவின் இரும்புக் கொக்கி தானாக விழுந்தது. டொக்.

டொக், என்றது குளியலறை.

“பாத்தியாம்மா? கதவு சாத்தனாகூட கேக்கும்,” என்றாள் தைலம்மாள். கோபத்தையும் மீறி அவள் குரலில் ஒரு தாயின் பெருமை எட்டிப் பார்த்தது.

தைலம்மாள் பிறந்தது இங்கேதான், பக்கத்தில், வடக்கனந்தலில். குத்தகை நிலத்தில் கரும்பு போட்ட குடும்பம். இருபது வயதில் செல்லமுத்துவுக்குக் கழுத்தை நீட்டினாள். அவர் கொத்தனார். கல்யாணமான நாற்பதாம் நாள், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேற்றி, மூன்று ராத்திரி வாந்தி எடுக்கவைத்து, அந்தமானில் ஒரு தீவில் கொண்டுபோய் இறக்கினார். பாக்குத் தோப்புக்கு நடுவே தகரக் கூரை போட்ட வீடு. அந்த வீட்டில் இருபத்தேழு வருடம் ஓடியது. பிள்ளை மட்டும் பிறக்கவில்லை.

பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் செல்லமுத்துவின் வீட்டில் கிடையாது. ‘இந்தா’, ‘இன்னாமே’ என்று எதையாவது சொல்லிக் கூப்பிடலாம்தான். ஆனால் தீவு மழை தகரத்தில் விழும்போது எந்த மனிதக் குரலும் எடுபடாது. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாசலில் தண்ணீர் பிடிக்க ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் நின்றது. வேலை முடிந்து வந்ததும் அதன் விளிம்பில் சாந்து பூசும் கரணையால் இரண்டு தட்டு தட்டுவார். வந்துவிட்டேன் என்று அர்த்தம். அடுப்படியிலிருந்து தைலம்மாள் கரண்டியால் பானையில் ஒரு தட்டு தட்டுவாள். கேட்டது என்று அர்த்தம். இருபத்தேழு வருடத்துத் தாம்பத்தியத்தில் பாதிப் பேச்சு இப்படித்தான் நடந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். அதன் பொந்தில் மழைத்தண்ணீர் தேங்கும். அங்கே இந்தச் சாதித் தவளைகள் குடியிருந்தன. செல்லமுத்து டிரம்மைத் தட்டினால் போதும், பொந்துக்குள்ளிருந்து ஒன்று பதிலுக்குத் தட்டும். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“டேய், நான் எம்பொண்டாட்டியக் கூப்புட்டா உனக்கு இன்னாடா?” என்று மரத்தைப் பார்த்துக் கத்துவார். தைலம்மாள் உள்ளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பும் ஒருநாள் தீர்ந்துபோனது. காய்ச்சல் என்று படுத்தவர் ஐந்தாம் நாள் எழவில்லை. கடற்கரையில் எரித்தார்கள். காரியத்துக்கு ஊரிலிருந்து வந்த அவளுடைய அண்ணன் ராசு, “தனியா இங்க இன்னா பண்ணுவ? வா, நாங்க இருக்கோம்,” என்று அழைத்தார். தீவில் யார் ஊருக்குத் திரும்பினாலும் சாமானை நீல டிரம்மில் போட்டுத்தான் கப்பலேற்றுவார்கள். தைலம்மாளும் அதே டிரம்மைக் கழுவிச் சாமான்களை அடுக்கினாள். மேலாக, தேங்காய் மட்டையில் ஈரமண் வைத்து, அந்த மரத்தடியில் படர்ந்திருந்த மிளகுக் கொடியில் ஒரு துண்டு. கொடி மூச்சுவிடட்டும் என்று கத்தியைப் பழுக்கக் காய்ச்சி மூடியில் இரண்டு ஓட்டை போட்டாள்.

கொடி வழியிலேயே கருகிவிட்டது. அந்த ஈரமண்ணுக்குள் யாருக்கும் தெரியாமல் பயணம் செய்த ஒரு ஜீவன் பிழைத்து, டிரம்மிலேயே தங்கிவிட்டது.

‘நாங்க இருக்கோம்’ என்ற அண்ணனின் வீட்டில் அவளுக்கு இடம் இருந்தது மூன்று மாதம். பிறகு கச்சிராயபாளையத்தில் இந்த ஓர் அறை வீடு. பொங்கலுக்குக் கரும்போடு ராசு வருவார், வாசலில் நின்றபடியே, “நல்லாத்தான இருக்க?” என்று கேட்டுவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். பகலெல்லாம் கரும்புத் தோட்டத்தில் காய்ந்த தோகையான சோகையை உரிக்கும் வேலை. கூட வேலை செய்யும் பெண்களுக்கு அவள் ‘அந்தமான்காரி’. தீவில் இருந்தவரை அவளை எல்லாரும் ‘கள்ளக்குறிச்சிக்காரி’ என்றார்கள். எந்த ஊரிலும் அவள் வேறு ஊர்க்காரியாகவே இருந்தாள்.

முதல் ஐப்பசி. கல்வராயன் மலையைக் கருமேகம் மூடிக்கொண்ட ஒரு சாயங்காலம். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. குளியலறையில் இருந்த அந்த டிரம்மிலிருந்து, டொக். டொக். இரண்டு தட்டு.

தைலம்மாளின் கை, அவளைக் கேட்காமலே, கரண்டியால் பானையில் ஒரு தட்டு தட்டியது.

தட்டிய பிறகுதான் தட்டியது தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எரித்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அன்று தொடங்கியதுதான். மழைக்காலச் சாயங்காலம் ஒவ்வொன்றிலும் அது தட்டும், இவள் தட்டுவாள். கரும்பு வயலில் யார் என்ன சொன்னார்கள், கால் எங்கே அறுத்தது, எல்லாவற்றையும் கரண்டி சொல்லும். அது கேட்டுக்கொண்டு பதில் சொல்லும்.

இதெல்லாம் ஜெபீனாவுக்குத் தெரியாது. அவள் இதற்குள் குளியலறைக்கு வந்து, டிரம்முக்குள் செல்போன் டார்ச் அடித்து, குழந்தை முகத்தைப் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழுப்பு உடம்பு, கழுத்தோரம் பச்சையாக ஒரு தேமல், பொன்னிறக் கண்.

“அதேதாம்மா,” என்றாள் மூச்சடக்கி. “உலகத்துலயே அந்தத் தீவுல மட்டும்தான் இது இருக்கு. வேற எங்கயுமே கெடையாது. படத்துல மட்டும்தான் பாத்திருக்கேன்.”

“வேற எங்கயுமா? நம்ம கல்ராயன் மலயில?”

“இல்லைங்கம்மா.”

“மெட்ராஸ்ல?”

“எங்கயும் இல்ல. தண்ணிக்கு இந்தப் பக்கம் இது ஒண்ணுதான்.”

தைலம்மாள் டிரம்மின் விளிம்பைத் தடவினாள். பிறகு, “அப்ப நீ இத்த அங்கயே கொண்டும்போயி வுட்டுடுவியா?” என்று கேட்டாள். “அதுக்கோசரம்னா நான் குடுத்துடுறேன் கண்ணு. இங்க இதுக்கு யாரு இருக்குறா? அங்க போனா சொந்தபந்தத்தோட இருக்கும்.”

ஜெபீனா தலையை ஆட்டினாள். “முடியாதும்மா. இது இங்க மூணு வருஷம் இருந்துடுச்சி. இங்க இருக்கற தவளைங்களோட நோய் எதாவது இதுக்கு ஒட்டியிருக்கலாம். வெளிய தெரியாது. திருப்பி வுட்டா அங்க இருக்கற மொத்தமும் செத்துப்போயிடும். ஒரு தடவ வெளிய வந்துட்டா அவ்ளோதான், திரும்ப சேத்துக்க மாட்டாங்க.”

“எங்கண்ணன் வூட்டு நாயம் மாதிரி இருக்குது,” என்றாள் தைலம்மாள்.

ஜெபீனாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

“சரி, அணையில வுட்டா?”

“கோமுகி அணையிலயும் வுடக்கூடாதுங்கம்மா. இது இந்த மண்ணோடது இல்ல.”

“அங்கயும் கூடாது, இங்கயும் கூடாது. அப்ப நீ இன்னாத்துக்கு வந்த?”

ஜெபீனா பதில் சொல்வதற்குள் அவளுடைய பை தானே பதில் சொல்லிவிட்டது. போனை எடுத்தபோது பாதி திறந்து கிடந்த பைக்குள் அகலவாய் கண்ணாடி பாட்டில் ஒன்று மின்னியது. பக்கத்தில் தண்ணீர் போன்ற திரவத்தோடு ஒரு கேன். தைலம்மாள் குனிந்து பாட்டிலை எடுத்தாள். மேலே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது, எழுதப்படாத தாள்.

“இது இன்னா?”

“எங்க புரொபசர்... பாத்துட்டு எடுத்தாரச் சொன்னாரும்மா. ஸ்பிரிட்ல போட்டு வெச்சா நூறு வருஷம் கெடாம இருக்கும். இங்க கெடச்சதுன்னு எழுதி...”

“உசுரோடயா?”

ஜெபீனா தரையைப் பார்த்தாள்.

தைலம்மாள் பாட்டிலைக் கீழே வைத்தாள். இந்தப் பெண்ணை எப்படி வெளியே தள்ளுவது? தள்ளினால் நாளைக்கு நாலு பேரோடு வருவாளோ? டிரம்மின் முன்னால் போய் நின்றுகொண்டாள். மூன்று வருடம் முன்பு செந்தமிழ்ச்செல்வியிடம் கத்தியதைப் போல இப்போது கத்த வரவில்லை. கெஞ்சத்தான் வந்தது.

“யம்மா, நீ படிச்ச பொண்ணு. நான் சொல்றத நம்ப மாட்ட. இது வெறும் தவள இல்ல. எங்கூட பேசும். நெசமா பேசும். பாக்குறியா? பாத்துட்டு அப்புறம் பாட்டில்ல போடு.”

அடுப்படிக்கு ஓடிக் கரண்டியை எடுத்து வந்தாள். “உங்க அப்பா கடையில வாங்குனதுதான் இது,” என்று எதற்கோ சொன்னாள், அப்படிச் சொன்னால் பெண்ணின் மனம் இளகுமோ என்று. டிரம் விளிம்பில் ஒரு தட்டு.

டொக், என்றது அது உடனே.

இரண்டு தட்டினாள். அது மூன்று தட்டியது. தைலம்மாளின் கண்களில் நீர் வழிந்தது. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. “கேட்டியா? மூணு வருசமா இப்பிடித்தான். நான் ஒண்ணு சொன்னா அது ரெண்டு சொல்லும். நான் இல்லன்னா அது ஏங்கிப் போயிடும்மா!”

ஜெபீனா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் வயது அப்படி, படிப்பு அப்படி. தெரிந்த உண்மையை மறைக்கத் தெரியவில்லை.

“அது பேசலைங்கம்மா.”

“பின்ன?”

“இது ஆண் தவளை. ஒரு பொந்துக்கு ஒரு ஆண்தான் இருக்கும். பக்கத்துல இன்னொரு ஆண் சத்தம் கேட்டா இது சும்மா இருக்காது. இது என் எடம், வராத, போ, போன்னு கத்தும்.” ஜெபீனா தயங்கினாள். “நீங்க தட்டறத அது இன்னொரு ஆண்னு நெனச்சிருக்கு. உங்கள வெரட்டிக்கினு இருக்கும்மா.”

மழை வலுத்தது. தைலம்மாள் கரண்டியைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள்.

“மூணு வருசமாவா?”

“ஆமாங்கம்மா.”

“நான் கால்ல கரும்புத் தோகை அறுத்துடுச்சின்னு சொன்னப்பவும்?”

ஜெபீனா தலையை மட்டும் அசைத்தாள்.

தைலம்மாள் குளியலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து ஜெபீனா அருகில் போய்த் தொட்டாள். தொட்டபோதுதான் தெரிந்தது, அது பாதி அழுகை, பாதி சிரிப்பு.

“அப்பவே அவுரு சொல்லுவாரு,” என்றாள் தைலம்மாள், திணறித் திணறி. “எம்பொண்டாட்டியக் கூப்புட்டா உனக்கு இன்னாடான்னு. இது அவுரயும் போடா போடான்னுதான் சொல்லிக்கினு இருந்துதா? மனுசன் அது தெரியாமலே போயி சேந்துட்டாரே!”

சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. உலகத்தில் தனக்கென்று பேசிய ஒரே ஒரு குரலும் தன்னைப் ‘போ’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது என்று அறிந்த ஒரு பெண்ணின் நெஞ்சு எப்படி வெடிக்காமல் இருந்ததோ, அது அவளுக்கே வெளிச்சம்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்தாள். “போவட்டும். திட்டறதுக்காவது ஒரு ஆளு இருந்துச்சே,” என்றாள்.

ஜெபீனா மறுபடியும் டார்ச் அடித்து, இந்த முறை வேறு ஒன்றைக் கவனித்தாள். “ரொம்ப எளச்சிருக்கும்மா. முதுகெலும்பு தெரியுது பாருங்க.”

“ஈசல் புடிச்சிப் போடுறேனே. தின்ன மாட்டேங்குது.”

“கத்திக்கினே இருந்தா எப்பங்கம்மா திங்கும்? எதிரி போற வரைக்கும் அது வுடாது. எதிரி போவவே இல்லையே.”

தைலம்மாளின் கையிலிருந்து கரண்டி நழுவப் பார்த்தது. தரையில் விழுந்து ஓசைப்படாமல் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அதை மடியில் கிடத்தி, ஒரு குற்றவாளியை மறைப்பதைப் போல முந்தானையால் மூடினாள்.

“நான் தட்டாம இருந்தா தின்னுமா?”

“தின்னும். இன்னும் ரெண்டு மூணு வருஷம்கூட இருக்கலாம்.”

“சத்தம் போடுமா?”

“சாயங்காலத்துல கொஞ்ச நேரம் போடும். பொட்டையக் கூப்புடும்.” ஜெபீனாவின் குரல் தாழ்ந்தது. “பதில் வரலன்னா நிறுத்திக்கும்.”

“வராதே.”

“வராதும்மா.”

இருவரும் அந்தச் சின்ன உயிரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஜெபீனா பாட்டிலை எடுத்துப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவ்வளவு மெதுவாக யாரும் ஜிப்பை இழுத்திருக்க மாட்டார்கள்.

“போட்டோ மட்டும் எடுத்துக்கறேன். புரொபசர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“திட்ட மாட்டாரா?”

“திட்டுவாரு. திட்டறதுக்காவது ஒரு ஆளு இருக்காரே.”

தைலம்மாள் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களைச் சொடுக்கினாள். படம் எடுத்து முடித்த பிறகு ஜெபீனா சங்கடத்தோடு நின்றாள்.

“ஒண்ணு கேக்கலாங்களா? அது... காலம் முடிஞ்சி போச்சின்னா, ஒரு கவர்ல போட்டு பிரிட்ஜில வெச்சிட்டு எனக்குப் போன் பண்ணுவீங்களா? அப்ப எடுத்துக்கறேன்.”

“பிரிட்ஜிக்கு நான் எங்க போவேன்? செந்தமிழு வூட்லதான் இருக்குது. அவ மீனுன்னு நெனச்சிக் கொழம்பு வெச்சிடுவா.”

இந்த முறை இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்புச் சத்தத்துக்கும் உள்ளே டொக் என்றது. சட்டென்று இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மழை விட்டிருந்தது. வாசலில் ஜெபீனா ஸ்கூட்டி சீட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள். “தட்ட மாட்டீங்கல்ல?”

“மாட்டேன்.”

“கஷ்டமா இருந்தா எனக்குப் போன் பண்ணுங்கம்மா. தவளைக்காக இல்ல. சும்மாவே.”

“நீ போயி சேரு. இருட்டிக்கினு வருது, ரோடு வேற சரியில்ல.”

ஸ்கூட்டியின் சிவப்பு விளக்கு தெருமுனை திரும்பும்வரை தைலம்மாள் நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தப் போனவள், டொக் என்று விழும் கொக்கி ஞாபகம் வந்து நின்றாள். ஆட்காட்டி விரலைச் சட்டத்துக்கும் கொக்கிக்கும் நடுவே கொடுத்து, வலியைப் பொறுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விரலை உருவினாள். கொக்கி சத்தமில்லாமல் உட்கார்ந்தது. கதவு மூடிக்கொண்டது.